துணி கட்டிய முனை

குட்டா, செருப்பை இடம்வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போன என் குட்டா, உன் அம்மா எழுதுகிறேன். நேற்று உன் தங்கச்சி ஷைனிக்குக் கல்யாணம் முடிந்தது. நல்லபடியாக முடிந்தது. சாப்பாடு பற்றாமல் போகவில்லை. மழை பந்தலை நனைத்தது, ஆட்களை நனைக்கவில்லை. அதையெல்லாம் பிறகு சொல்கிறேன். முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லாவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. பந்தலில் படம் வந்தது, மக்கா. சர்ச்சுக்குள்ளே இருந்து வெளியே பந்தல் வரைக்கும் நம்முடைய ஒயரில் படம் வந்தது. முதல் பாட்டிலிருந்து கடைசி ஜெபம் வரைக்கும் ஒரு தடவைகூட அணையவில்லை. அந்த ஒயரைச் சோதித்து எடுத்தது யார் என்று நினைக்கிறாய்? நான்தான்.

நீ இருந்தால் சிரித்திருப்பாய். ஐந்தாம் வகுப்போடு நின்றவள், அண்டி ஆபீசில் முந்திரிப் பருப்பைத் தரம் பிரித்தே தலை நரைத்தவள், உன் கடைக்குள் விளக்குமாற்றைத் தவிர வேறு எதையும் எடுத்துக்கொண்டு நுழையாதவள், இப்போது எச்டிஎம்ஐ கேபிளுக்கு மார்க் போடுகிறாள். உன் கூட்டாளி வினு, அதுதான் நம் கேமராக்கார வினு, இதை நான் எழுதிக் கொடுத்தால் எழுத்துப்பிழை திருத்தி எல்லோரும் வாசிக்கிற மாதிரி போனில் போடுகிறேன் என்கிறான். போடட்டும். பிள்ளையைப் பறிகொடுத்தவள் மூலையில் கிடந்து அழுகிறாள் என்றுதானே ஊரில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அழுகிறேன்தான். ஆனால் இடையில் எனக்கு இப்படி ஒரு வேலையும் இருந்தது என்று அவர்களுக்கும் தெரியட்டும்.

நீ கடைசியாகக் கிளம்பின நாளிலிருந்து தொடங்கினால்தான் வாசிக்கிறவர்களுக்கு இது விளங்கும். நம் வீட்டின் முன்னறைதான் உன் கடை. கல்யாணத்துக்கும் சர்ச் கூட்டத்துக்கும் டிவியும் திரையும் ஒயரும் வாடகைக்குக் கொடுப்பாய். அன்றைக்கு மத்தியானம் உன் மேசையில் ஒரு கறுப்பு ஒயர் சோதனையில் கிடந்தது. சின்னப் பெட்டியிலிருந்து பெரிய டிவிக்கு அந்த ஒயரை மாட்டி, நீ முட்டத்தில் போய் இருட்டில் எடுத்துக்கொண்டு வந்த கடல் படத்தை ஓடவிட்டிருந்தாய். சிதறால் பக்கம் ஒரு சபையில் உன்னிடம் வாங்கிய சாமான் வேலை செய்யவில்லை என்று போன் வந்தது. பைக் சாவியை எடுத்துக்கொண்டே, "யம்மா, அதத் தொட்டிராத. ஓடிட்டு கெடக்கட்டு. வந்து பாக்கேன்" என்றாய். நான் சரி என்றேன். மழை பெய்து வழுக்கிக் கிடந்த ரோடு, ஒரு வளைவு, எதிரே லாரி. அதற்கு மேல் அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. உன்னைக் கொண்டுவந்து கிடத்தின போதும் முன்னறையில் உன் கடல் ஓடிக்கொண்டேதான் இருந்தது. யாரோ போய் மேசை சுவிட்சை அணைத்தார்கள். நீ தொடாதே என்று சொன்னதை நான் தொடவில்லை. வேறு ஒருவரையும் தொடவிடவும் இல்லை. அந்த மேசை அப்படியே இருந்தது.

மற்றதெல்லாம் அப்படியே இருக்கவில்லை. உன் மாமா, என் கூடப்பிறந்த தம்பி, அவனை உனக்குத் தெரியுமே, அழுகிற வீட்டிலும் அடுப்பில் எது கொதிக்கிறது என்று பார்க்கிறவன். மனசில் கெட்டவன் இல்லை. அக்கா தனியாகக் கிடந்து கஷ்டப்படக் கூடாது, கடையை ஒழித்துவிட்டு அறையை வாடகைக்கு விடலாம் என்று அவனுக்கு எண்ணம். கோட்டாற்றில் ஒரு கடைக்காரனிடம் பேசி, மொத்தமாக எடுத்துக்கொள்ளச் சம்மதம் வாங்கிவிட்டான். நீ ஒவ்வொரு ஒயரின் கழுத்திலும் நூல் கட்டி வைத்திருப்பாயே. பச்சை நூல் என்றால் கல்யாணத்துக்குத் தைரியமாகக் கொடுக்கலாம். மஞ்சள் என்றால் வீட்டு டிவிக்குப் போதும். சிவப்பு என்றால் வெளியே விடவே கூடாது. வாடகைக்குப் போய்த் திரும்பி வந்த ஒயரில் பழைய நூலை அறுத்துவிட்டு மறுபடியும் சோதித்த பிறகுதான் புது நூல் கட்டுவாய். சிவப்பைக் கண்டால் கோட்டாற்றுக்காரன் முகம் சுளிப்பான் என்று உன் மாமா ஒரு பிளேடை எடுத்து எல்லா நூலையும் அறுத்துப் போட்டுவிட்டான். நான் ஆபீசிலிருந்து வந்து பார்த்தபோது தரையில் பச்சையும் மஞ்சளும் சிவப்புமாகக் கிடந்தது. நல்லது எது, கெட்டது எது என்று தெரியாமல் எல்லா ஒயரும் ஒரே குவியல்.

குட்டா, உன்னை அடக்கம் செய்த அன்றைக்குக்கூட நான் அப்படிக் கத்தவில்லை. நீ உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்த வேலை அத்தனையும் குப்பையாகக் கிடந்தது. உன் மாமா பயந்துபோனான். "யக்கா, இது ஆம்பளப் பயக்க செய்யக்கூடிய சோலியாக்கும். ஒனக்கு எதுக்கு இந்த ஒயரும் கியரும்?" என்றான். எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று தெரியவில்லை. "ஷைனி கல்யாணம் வரைக்கும் பொறு. நம்ம கடை ஒயர்ல பந்தல்ல படம் காட்டுகேன். படம் வராட்டா சாவிய நீயே கொண்டு போ" என்றேன். அவன் அப்போதே சாவியைக் கேட்டு வாங்கித் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். தினமும் சாயங்காலம் வந்து எனக்குத் திறந்துவிடுவான், போகும்போது பூட்டிக்கொண்டு போவான். அந்த அவமானம் எனக்கு நல்லதாகப் போயிற்று. அவன் சாவியை ஆட்டிக்கொண்டு வருகிற சத்தம் கேட்டாலே எனக்கு வீம்பு வந்துவிடும்.

சோதனை என்றால் என்ன என்று எனக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரிந்தது முந்திரிப் பருப்பு. முழுப்பருப்பு ஒரு பக்கம், பிளவு ஒரு பக்கம், நொறுங்கினது ஒரு பக்கம், சொத்தை கீழே. கண் பார்க்கும், கை தள்ளும். அதே போலத்தான் ஒயரையும் பிரித்தேன். தடியாக, உருண்டையாக, முனையில் பொன் நிறம் பளபளக்கிறதெல்லாம் முதல் தரம். மெலிந்தது, கசங்கினது எல்லாம் கடைசித் தரம். எனக்கே பெருமையாக இருந்தது. அன்றைக்கு ஷைனி ஆஸ்பத்திரி டூட்டி முடிந்து வந்து பார்த்துவிட்டு, "யம்மா, இது என்ன அண்டிப்பருப்பா? உள்ள என்ன இருக்குன்னு மாட்டிப் பாத்தாத்தான தெரியும்" என்றாள். சரி என்று அவளை வைத்துக்கொண்டு, நம் வீட்டுக்குள் இருக்கிற இன்னொரு பெரிய டிவியைக் கடைக்குக் கொண்டுவந்து, மாட்டிப் பார்த்தோம். உன் மேசையைத் தொடவில்லை. கடல் படம் மட்டும் உன் போனில் இருந்து எடுத்து அவள் வேறொரு பெட்டியில் போட்டுத் தந்தாள்.

முதலில் மாட்டினது நான் முதல் தரம் என்று ஒதுக்கின தடி ஒயர். ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்தோம். இருட்டுக் கடல், தூரத்தில் வள்ளங்களின் விளக்கு, மேலே வானம் நிறைய வெள்ளை வெள்ளையாக மின்னுகிறது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். என் பிள்ளை எவ்வளவு அழகாக எடுத்திருக்கிறான், நட்சத்திரத்தைக்கூட விடவில்லை என்று பச்சை நூலை எடுத்துக் கட்டப் போனேன். ஷைனி என் கையைப் பிடித்தாள். "யம்மா, அது நட்சத்திரம் இல்ல, ஒயர்ல உள்ள கேடு" என்றாள். நான் விடவில்லை. வானத்தில் மின்னுகிறது நட்சத்திரம் இல்லாமல் பின்னே என்ன என்று கேட்டேன். "நட்சத்திரம் இப்பிடித் துள்ளுமா? இன்னா பாரு, கடலுக்குள்ளயும் கெடக்கு" என்றாள். பார்த்தேன். தண்ணீருக்குள்ளேயும் பாறை மேலேயும் அதே வெள்ளைப் புள்ளி குதித்துக்கொண்டிருந்தது. வேறொரு ஒயரை மாட்டினபோது வானம் கரிப்பானையின் அடிபோலக் கறுத்துக் கிடந்தது. ஒரு நட்சத்திரம் இல்லை. அன்றைக்குத்தான் நீ ஏன் வெயிலில் எடுக்காமல் இருட்டில் போய்ப் படம் எடுத்தாய் என்று எனக்குப் புரிந்தது. வெளிச்சத்தில் ஒளிந்துகொள்கிற கேடு இருட்டில் ஒளிய முடியாது. நான்தான் அன்றைக்கு, ராத்திரி முட்டத்தில் என்ன வேலை, எந்தப் பெண்ணோடு போனாய் என்று உன்னைப் போட்டு வறுத்தெடுத்தேன். நீ வாயைத் திறக்காமல் சோற்றைத் தின்றாய். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?

அதற்குப் பிறகு எனக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. ஆபீசில் பருப்புப் பிரித்துக்கொண்டிருக்கும்போதும் எப்போது வீட்டுக்குப் போவோம், அடுத்த ஒயரை மாட்டுவோம் என்றிருக்கும். ஒன்றொன்றாகப் பிடிகிடைத்தது. புள்ளி துள்ளுகிறதா என்று முதலில் பார்ப்பேன். பிறகு ஒயரின் கழுத்தைப் பிடித்து மேலும் கீழும் பைய வளைப்பேன். கெட்ட ஒயர் என்றால் படம் ஒரு நொடி செத்து மறுபடியும் வரும். பிறகு ரிமோட்டில் ஒரு பொத்தான் இருக்கிறதே, அதை அழுத்தினால் மூலையில் 2160 என்று வரும். சில ஒயரில் 1080 என்று இறங்கி நிற்கும். படம் வருகிறதே என்று ஏமாந்துவிடக் கூடாது, தாங்க முடியாமல் பாரத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கடைசியில், நீ செய்கிற மாதிரியே ஓடவிட்டுவிட்டுச் சமையலைப் பார்க்கப் போவேன். சூடேறின பிறகுதான் சிலதின் சாயம் வெளுக்கும். நான் முதல் தரம் என்று ஒதுக்கின பொன்முனை ஒயர்களில் பாதிக்கு மேல் சிவப்பு நூலில் போய் விழுந்தது. கசங்கிக் கிடந்த ஒரு குட்டை ஒயர், அதன் கோலத்தைப் பார்த்தால் நாய்கூட இழுக்காது, அது ஒரு புள்ளி காட்டாமல் நின்றது. நான் அதற்குப் பச்சை நூல் கட்டி, அதை முத்தமே கொடுத்துவிட்டேன். ஷைனி பார்த்துவிட்டு, கல்யாணப் பெண் நானா ஒயரா என்று கேட்டாள்.

இப்போது என் மகா பெரிய முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். குவியலின் அடியில் ஒரு நீளமான ஒயர் கிடந்தது. துணி காயப் போடுகிற கொடி மாதிரி மெலிசு. முனையில் இருந்த பொடி எழுத்தெல்லாம் தேய்ந்துபோயிருந்தது. ஒரு முனையில் மட்டும் என் பழைய நீலச் சேலையின் கிழிசல் ஒன்றை நீ முடிச்சுப் போட்டிருந்தாய். நூல் இல்லாததால் உன் மாமாவின் பிளேடு அதைத் தொடவில்லை. மாட்டிப் பார்த்தேன். படமே இல்லை. புள்ளிகூட இல்லை. வளைத்தும் பார்த்தேன், ஆட்டியும் பார்த்தேன், செத்த பாம்பு மாதிரிக் கிடந்தது. இவ்வளவு மெலிந்தது எப்படி இவ்வளவு நீளம் படத்தைச் சுமக்கும் என்று என் அண்டி ஆபீஸ் புத்தி சொல்லிற்று. சிவப்பு நூலைக் கட்டிவிட்டேன். அதோடு விட்டேனா? நீளமாக இருக்கிறதே, வீணாகப் போக வேண்டாமே என்று, கல்யாணத்துக்குக் கொண்டுபோக வேண்டிய பச்சை நூல் ஒயர்களையெல்லாம் சாக்கில் போட்டு அந்தச் சாக்கை இந்த ஒயரால் சுற்றிக் கட்டினேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் சாக்கை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு சர்ச்சுக்குப் போனேன். நம் சர்ச் சின்னது என்று உனக்குத் தெரியும். பெண் வீடும் மாப்பிள்ளை வீடும் உள்ளே உட்கார்ந்தாலே நிறைந்துவிடும். மற்றவர்கள் வெளியே பந்தலில் இருந்து டிவியில்தான் பார்க்க வேண்டும். என் ஆபீஸ்காரிகள் எல்லோரும் லீவு போட்டுவிட்டு வருகிறார்கள், அவர்களுக்கும் பந்தலில்தான் இடம். நீ போன பிறகு நான் வேலைக்குத் திரும்பின அன்றைக்கு என் கூடையில் இருந்த பருப்பையும் சேர்த்துப் பிரித்துத் தந்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு ஷைனி கழுத்தில் தாலி ஏறுவதைக் காட்டாவிட்டால் நான் என்ன மனுஷி?

அங்கே போய்ப் பார்த்தால் மழையில் முற்றம் குளமாகக் கிடந்தது. பந்தல்காரர்கள் பந்தலைத் தள்ளி மதில் ஓரமாக மேட்டில் போட்டிருந்தார்கள். என்னிடம் இருந்த நீள ஒயர் பாதி தூரம்கூட எட்டவில்லை. சரி, இரண்டு பச்சை நூல் ஒயரை நடுவில் ஒரு இணைப்புக் கட்டை வைத்துச் சேர்க்கலாம் என்றேன். வினு கேமராவிலிருந்து மாட்டினான், நான் பந்தல் முனையை டிவியில் மாட்டினேன். படம் வருகிறது, போகிறது, வருகிறது, போகிறது. வேறு இரண்டைச் சேர்த்தேன். வானம் இல்லாத இடத்திலெல்லாம் நட்சத்திரம். தனித்தனியாகப் பாஸ் ஆனது சேர்ந்தால் பெயில். அப்படி ஒன்று உண்டு என்று எனக்கு யார் சொன்னார்கள்? உன் மாமா சர்ச்சுக்குள்ளே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். சிரிக்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும். கோட்டாற்றுக்காரன் கடையில் வாடகைக்கு நல்ல ஒயர் இருக்கும், ஆள் அனுப்பட்டுமா என்றுதான் கேட்டான். நல்ல எண்ணத்தில்தான் கேட்டான். ஆனால் அதற்கு நான் தலையாட்டினால் கடை அதோடு போயிற்று. அவன் கை சட்டைப்பையில் சாவியைத் தடவிக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது.

அப்போதுதான் வினு வாசலில் கிடந்த சாக்கைப் பார்த்தான். "மாமி, சாக்கு கெட்ட ஒங்களுக்கு இதுதான் கெடச்சுதா? இது உள்ள வெளிச்சம் ஓடுற ஒயராக்கும். நம்ம ஜெபின் இத ஆருக்கும் வாடகைக்கே குடுக்க மாட்டான்" என்றான். எனக்கு இருந்த கோபத்தில், வெளிச்சமும் இல்லை ஒரு மண்ணும் இல்லை, சோதித்தாயிற்று, செத்த ஒயர் என்றேன். அவன் கேட்காமல் அவிழ்த்து இழுத்துக்கொண்டு போய் இரண்டு பக்கமும் மாட்டினான். டிவி கறுப்பாகவே கிடந்தது. அவன் முகமும் விழுந்துபோயிற்று. கேமராவுக்குப் பக்கத்தில் ஒயரின் முனை தொங்கிக்கொண்டிருந்தது. அந்த முனையில் என் நீலச் சேலைக் கிழிசல். நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். குட்டா, என் மண்டைக்குள் அப்போது யாரோ சுவிட்சைப் போட்டார்கள்.

நீ ஒன்றாம் வகுப்பில் தினமும் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போய் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டு வருவாய். எத்தனை சொன்னாலும் உனக்கு இடமும் வலமும் பிடிபடவில்லை. கடைசியில் நான் ஒரு சேலைக் கிழிசலை எடுத்து ஒரு செருப்பின் வாரில் முடிச்சுப் போட்டு, "துணி உள்ளது சோறு திங்க கைப் பக்கம்" என்று சொல்லிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு நீ விழவில்லை. புதுச் செருப்பு வாங்கினாலும் அதிலும் துணி கட்டித் தா என்று நிற்பாய். பெரிய பையனான பிறகும் கொஞ்ச நாள் கட்டச் சொன்னாய். பார்ப்பதற்கு இரண்டும் ஒன்று போல இருக்கும், ஆனால் மாற்றிப் போட்டால் நடக்காது. அப்படிப்பட்டதில்தான் துணி கட்டுவோம், நீயும் நானும்.

"எலே வினு, திருப்பிப் போடு" என்றேன். எதை மாமி என்றான். "ஒயரத்தான். இந்த முனைய அங்க, அந்த முனைய இங்க." ஒயருக்கு ஏது இடமும் வலமும் என்று உன் மாமா உள்ளே இருந்து சொன்னது கேட்டது. வினு இரண்டு பக்கமும் கழற்றி, பந்தலில் இருந்த முனையைக் கேமராவுக்கு இழுத்துக்கொண்டு வந்தான். துணி கட்டிய முனையை நான் கையில் எடுத்துக்கொண்டு, சேற்றில் கால் புதையப் புதையப் பந்தலுக்கு ஓடினேன். ஓடினேன் என்றால் ஓடினேன். டிவியில் மாட்டினேன். ஒரு மூச்சு விடுகிற நேரம் ஒன்றும் இல்லை. பிறகு டிவி முழுக்க உன் மாமா வந்து நின்றான். மேசை, பூச்சாடி, அதன் முன்னால் உன் மாமா, தலையைச் சொறிந்துகொண்டு, கையில் சாவி. மீசையில் எத்தனை நரை என்று எண்ணலாம், அவ்வளவு துப்புரவாக. ஒரு புள்ளி இல்லை. நான் அங்கேயே ஈர நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தேன், அழுதேன், எது முதலில் என்று தெரியாது. பந்தல்காரர்கள் மாமிக்கு என்ன ஆயிற்று என்று ஓடிவந்தார்கள். வெளிச்ச ஒயரில் படம் ஒரு திசையில்தான் ஓடும், துணி கட்டினது டிவி முனை, சாக்கைக் கட்டினபோது இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தால் உள்ளே ஒடிந்திருக்கும் என்று வினு பிறகு சொன்னான். ஆட்டோவில் அவிழ்ந்துவிடக் கூடாதே என்று நினைத்தேன்தான். ஆனால் உன் துணி முடிச்சு கசங்குமே என்று லேசாகத்தான் கட்டினேன்.

இனி நேற்றைய கதை. பெண்ணின் அம்மா என்று என்னை முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள். பந்தல் என் முதுகுப் பக்கம். திரும்பிப் பார்க்க முடியாது. போதகர் பேசுகிறார், பாட்டு நடக்கிறது, என் மனசு முழுக்க வெளியே டிவியில் படம் நிற்கிறதா என்பதில்தான். ஸ்பீக்கருக்குத் தனி ஒயர், அதனால் சத்தம் கேட்பதை வைத்து ஒன்றும் தெரியாது. கண்ணை மூடி ஜெபம் செய்கிற மாதிரி இருந்தேன். கடவுளிடம் கேட்டதெல்லாம் ஒயரைப் பற்றித்தான், அவர் மன்னிப்பார். மாப்பிள்ளை தாலியை எடுத்தான். பேச்சு எல்லாம் நின்றுவிட்டது, ஆர்கன் மட்டும் மெல்ல வாசித்துக்கொண்டிருந்தது. அவன் கை ஷைனி கழுத்துக்குப் பின்னால் போனது. முடிச்சு விழுந்த அந்த நேரத்துக்குச் சரியாக, உள்ளே இருக்கிற ஒருத்தரும் வாய் திறப்பதற்கு முன்னால், வெளியே பந்தலில் இருந்து பெண்களின் குரவைச் சத்தம் எழும்பினது. அண்டி ஆபீஸ் குரவை, மக்கா. மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகின தொண்டை எல்லாம் சேர்ந்து போட்ட குரவை. அவர்கள் பார்த்துவிட்டார்கள். முடிச்சு விழுவதை அவர்கள் கண்ணால் பார்த்துவிட்டார்கள். ஷைனியும் அந்தச் சத்தத்தைக் கேட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். கல்யாணப் பெண் அப்படிப் பல்லைக் காட்டிச் சிரிக்கலாமா என்று மாப்பிள்ளை வீட்டில் நினைத்திருப்பார்கள்.

சாப்பாட்டுப் பந்தியில் உன் மாமா பாயசத்தோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். சாவியை என் இலைக்குப் பக்கத்தில் வைத்தான். பாயசத்தைக் குடித்து முடித்துவிட்டு, "யக்கா, நம்ம வீட்டு டிவில படம் வெட்டி வெட்டிட்டு கெடக்கு. பச்ச நூல் கெட்டினது ஒண்ணு தருவியா?" என்று கேட்டான். வீட்டு டிவிக்கு மஞ்சள் நூலே போதும் என்று சொல்லிவிட்டேன். அவன் சிரித்தான், நானும் சிரித்தேன். நேற்றே இரண்டு பேர் வந்து கிறிஸ்துமஸுக்கு டிவி கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். கடை இருக்கிறது, குட்டா. கடை நம்முடையதாகவே இருக்கிறது.

பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் புத்தி சொல்லுவார்கள். உனக்கு இனி நான் என்ன புத்தி சொல்ல? சொல்ல நினைத்ததையெல்லாம் ஷைனி காரில் ஏறும்போது அவளிடம் சொல்லி அனுப்பிவிட்டேன். புருஷன் ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பேசாமல் கிடந்தால் உடனே சிவப்பு நூலைக் கட்டிவிடாதே, ஒரு தடவை திருப்பி மாட்டிப் பார் என்றேன். மாப்பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் மட்டும் சிரித்துக்கொண்டே அழுதாள்.

இன்றைக்கு வீட்டில் யாரும் இல்லை. சாவி என் கையில் இருந்தது. நானே திறந்தேன். நேராக உன் மேசைக்குப் போனேன். தொடாதே என்று நீ சொன்ன அந்தக் கறுப்பு ஒயரை இதுவரை நான் தொடவில்லை. அதன் கழுத்தில் ஒரு நூலும் இல்லை, நீ இன்னும் மார்க் போட்டிருக்கவில்லை. மேலே படிந்திருந்த தூசியைத் துடைத்தேன். மேசை சுவிட்சைப் போட்டேன். டிவி வந்தது, பெட்டி வந்தது, கடல் வந்தது. காலையில் இருந்து அது ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் பக்கத்தில் இருந்துதான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். கழுத்தைப் பிடித்து வளைத்துப் பார்த்தேன், படம் அசையவில்லை. பொத்தானை அழுத்தினேன், 2160 இறங்கவில்லை. வானம் கறுப்பாக இருக்கிறது, நன்றாகக் குனிந்து பார்த்தேன், ஒரு புள்ளி இல்லை. வள்ளங்களின் விளக்கு மட்டும் நின்ற இடத்தில் நிற்கிறது. எனக்குத் தெரிந்த எல்லாச் சோதனையும் அது பாஸ்.

வந்து பார்க்கிறேன் என்று நீ சொன்னதை நான் பார்த்துவிட்டேன். பச்சை நூலை வெட்டிக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறேன். கட்டினால் இந்தச் சோதனை முடிந்துவிடும், ஒயரைக் கழற்றி மற்றதோடு வைத்துவிட வேண்டியதுதான். கை போகிறது, வருகிறது. கட்டட்டுமா, மக்கா?